தாழ்மையும் நம்பிக்கையும்

திண்டுக்கல் பூட்டுக்குப் பெயர்போன ஊர். நகரிலும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் கைத்தொழிலாகவே வளர்ந்த அந்தப் பூட்டுக்கு 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது. எந்திரப் பூட்டுகளின் போட்டியால் பட்டறைகள் குறைந்துவிட்டன என்றாலும், அரத்தின் ஓசை இன்னும் முற்றிலும் ஓய்ந்துவிடவில்லை. அந்த ஓசையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சொல் நினைவிற்கு வருவதுண்டு. கதவை உள்ளிருந்து அடைக்கும் கோலுக்குத் தமிழில் 'தாழ்' என்று பெயர். திருவள்ளுவரும் அன்புடைமை அதிகாரத்தின் தொடக்கத்தில் இச்சொல்லை ஆள்கிறார். கிளை தாழ்கிறது, மேகம் தாழ்கிறது, தலை தாழ்கிறது என்னும்போதும் நாம் வழங்குவது அதே ஒலிதான். இவ்விரண்டும் ஒரே வேரில் கிளைத்தவையா என்பதை மொழிநூலாருக்கே விட்டுவிடலாம். வாழ்க்கையில் இவை எதிரெதிர்த் திசையில் செல்பவை என்பதே இங்கு நாம் கருத வேண்டுவது. அச்சம் உள்ளவன் தாழிடுகிறான். அச்சம் நீங்கியவனே தாழ்கிறான்.

மாணவ நண்பர்களே, தாழ்மை, இறைவனிடம் நம்பிக்கை என்னும் இரண்டும் கிறிஸ்தவர்களின் இல்லங்களிலும் ஆலயங்களிலும் நாள்தோறும் காதில் விழும் சொற்கள். ஆயினும் இவ்விரண்டையும் நாம் பெரும்பாலும் தனித்தனியாகவே பேசுகிறோம். தாழ்மை என்றால் நல்லொழுக்கங்களுள் ஒன்று என்கிறோம். நம்பிக்கை என்றால் துன்பம் வந்தபோது பற்றிக்கொள்ளும் ஊன்றுகோல் என்கிறோம். ஒன்றை நடத்தையோடும் மற்றொன்றை வழிபாட்டோடும் சேர்த்துவிடுகிறோம். ஆனால் கிறிஸ்தவ மறையின் மூலநூல்களைச் சற்றே ஊன்றிப் படிப்பவர்க்கு, நம்பிக்கை இல்லாத இடத்தில் தாழ்மை முளைப்பதே இல்லை என்பது விளங்கும். இதனைக் கேட்போருள் பல சமயத்தவரும் இருப்பீர்கள். ஒரு கிறிஸ்தவர் தம் அன்றாட வாழ்வில் இதனை எவ்வாறு உணர்கிறார் என்று மட்டுமே நான் விளக்கப் புகுகிறேன். உங்கள் நெறியோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வது உங்கள் உரிமை.

யோவான் எழுதிய நற்செய்தி நூலின் பதின்மூன்றாம் அதிகாரத்தில் ஒரு காட்சி வருகிறது. இயேசு தாம் இறப்பதற்கு முந்திய நாள் மாலை தம் சீடரோடு உணவருந்துகிறார். புழுதி நிறைந்த சாலைகளில் செருப்பணிந்து நடந்து வந்தவர்களின் கால்களைக் கழுவுவது அந்நாட்டில் வேலையாளின் பணி. அன்று அங்கே வேலையாள் ஒருவரும் இல்லை போலும். சீடர்களுள் யாரும் அப்பணிக்கு எழவும் இல்லை. அந்த இரவில்தான் தங்களுள் யார் பெரியவன் என்னும் வாதம் அவர்களிடையே எழுந்தது என்று லூக்கா குறிக்கிறார். அப்போது குருவாகிய இயேசுவே எழுந்து, மேலாடையைக் கழற்றி வைத்து, துண்டொன்றை இடையில் கட்டிக்கொண்டு, தண்ணீர் எடுத்துச் சீடர்களின் கால்களைக் கழுவித் துடைக்கிறார்.

இக்காட்சியை அறியாத கிறிஸ்தவர் இலர். திண்டுக்கல் மறைமாவட்டத்து ஆலயங்களிலும், உலகெங்கும் உள்ள கத்தோலிக்க ஆலயங்களிலும், பெரிய வியாழன் மாலை வழிபாட்டில் குருவானவர் இறைமக்கள் சிலரின் கால்களைக் கழுவுவது வழக்கம். முன்பெல்லாம் அதற்கு ஆண்களையே அமர்த்துவார்கள். 2016ஆம் ஆண்டின் தொடக்கத்தில் போப் பிரான்சிஸ் அவ்விதியை மாற்றிப் பெண்களும் அமரலாம் என்று ஆக்கினார். சடங்கு நமக்குப் பழகிவிட்டது. பழகிய காரணத்தாலேயே அந்த அதிகாரத்தின் தொடக்கத்தில் உள்ள ஒரு நுட்பத்தை நாம் கவனியாமல் கடந்துவிடுகிறோம்.

யோவான் நேரே துண்டைப் பற்றிச் சொல்லிவிடவில்லை. தந்தை அனைத்தையும் தம் கையில் ஒப்படைத்திருக்கிறார், தாம் கடவுளிடமிருந்து வந்தவர், கடவுளிடமே திரும்பிச் செல்லப்போகிறவர் என்பதை இயேசு அறிந்திருந்தார் என்று முதலில் எழுதுகிறார். அதன் பிறகே அவர் எழுந்தார் என்கிறார். சொல்லும் வரிசையை நோக்குங்கள். தம் பெருமையை மறந்தோ மறைத்தோ அவர் குனியவில்லை. அதை நன்கு அறிந்தே குனிந்தார். தமக்குரியதை எவரும் பறித்துக்கொள்ள இயலாது என்னும் உறுதி உள்ளத்தில் இருந்தமையால், மேலாடையைக் கழற்றி வைப்பது அவருக்கு எளிதாயிற்று. பன்னிருவருள் ஒருவருக்கும் அந்த உறுதி இல்லை. இன்று இவன் காலைக் கழுவினால் நாளை இவனுக்குக் கீழாகவே எண்ணப்படுவேனோ என்னும் கணக்கு ஒவ்வொருவர் மனத்திலும் ஓடியிருக்க வேண்டும். செருக்கு என்பது பெரும்பாலும் நிறைவினால் வருவதன்று. இருக்கும் சிறிது போய்விடுமோ என்னும் அச்சத்தால் வருவது.

அதே காட்சியில் பேதுருவும் இருக்கிறார். தம் காலைக் குரு கழுவ வந்ததும் அவர் தடுக்கிறார். முதற்பார்வைக்கு அது பணிவாகவே தோன்றும். ஆனால் இயேசு அதை ஏற்கவில்லை. கொடுக்கத் தெரிந்தும் பெறத் தெரியாதவர்கள் நம்மிடையே பலர். உதவி கேட்பது இழிவு, நன்றி சொல்வது கடன் என்று எண்ணுகிறவரின் பணிவிலும் ஒரு வகைச் செருக்கு ஒளிந்திருக்கிறது. கல்லூரி விடுதிகளில் பசியோடு இருந்துகொண்டே, "இப்போதுதான் சாப்பிட்டேன்" என்று சொல்லும் மாணவர்களை நான் அறிவேன். அவர்களுள் ஒருவனாகவும் இருந்திருக்கிறேன்.

இனி, இப்பொருளில் முள் தைக்கும் இடத்திற்கு வருவோம். தாழ்மையை நாம் கடைப்பிடிப்பதைக் காட்டிலும் பிறரிடம் எதிர்பார்ப்பதே மிகுதி. அதிகாரி ஊழியரிடமும், ஆசிரியர் மாணவரிடமும், மாமியார் மருமகளிடமும் தாழ்மையைத் தேடுகிறார்கள். எல்லாவற்றிற்கும் மேலாக, உயர்ந்தவர் என்று தம்மை எண்ணிக்கொள்பவர்கள், காலங்காலமாகக் கீழே அழுத்தி வைக்கப்பட்டவர்களிடம் தாழ்மையை வலியுறுத்தி வந்திருக்கிறார்கள். சாதி என்னும் தாழைத் திறக்காமலே தாழ்மையைப் பற்றிப் பேசிய சபைகள் தமிழ்நாட்டில் ஒன்றிரண்டல்ல. இன்றும் சில ஊர்களில் இறந்த கிறிஸ்தவர்களுக்குக்கூடச் சாதிக்கு ஒரு கல்லறைத் தோட்டம் இருப்பதை ஒளித்து வைப்பதில் பயனில்லை.

திண்டுக்கல் சமவெளியில் இச்சோதனை மிக முன்னதாகவே வந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அமெரிக்க மிஷனரிமார் 1834ஆம் ஆண்டில் மதுரையில் தம் பணியைத் தொடங்கினர். அடுத்த ஆண்டே திண்டுக்கல் அவர்களுடைய நிலையங்களுள் ஒன்றாயிற்று. பள்ளிகள் எழுந்தன, உபதேசியார்கள் அமர்த்தப்பட்டனர். சிலுவையை ஏற்றவர்கள் சாதியை விட்டுவிட்டார்களா என்னும் கேள்வி விரைவிலேயே எழுந்தது. 1847ஆம் ஆண்டில் அம்மிஷன், சாதி வேறுபாட்டை விடாதவர்கள் சபையில் இருக்க இயலாது என்று உறுதி செய்தது. விட்டுவிட்டதற்குச் சான்றாக, எல்லோரும் ஒரே இடத்தில் அமர்ந்து, யார் சமைத்தாலும் உண்ண வேண்டும் என்றது. உபதேசியார்கள் உட்படப் பலர் மறுத்தனர், விலக்கப்பட்டனர். நேற்று வரை பணிவைப் போதித்து வந்தவர்களுக்கு ஓர் இலைச் சோறு அத்தனை பெரிய மலையாகிவிட்டது.

அவர்களை எள்ளி நகையாடுவது எளிது. நான் அதற்கு உடன்படேன். அந்த இலையில் கை வைத்தால் மறுநாள் உறவினர் வீட்டு வாயில் அடைபடும். மகளுக்கு வரன் வராது. தாய் இறந்தால் தோள் கொடுக்க ஆள் வராது. அவர்கள் அஞ்சியது வீண் அச்சமன்று. அந்த அச்சத்தைவிடப் பெரிய நம்பிக்கை ஒன்று உள்ளத்தில் இருந்தாலன்றிக் கை நீளாது. கை நீட்டிய சிலரிடம் அந்நம்பிக்கை இருந்தது என்றுதான் கொள்ள வேண்டும். மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். ஆணையிட்ட மிஷனரிமார் தம் நாட்டில் நிறத்தின் பெயரால் மனிதர் அடிமைகளாக விற்கப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. பிறர் கழற்ற வேண்டிய மேலாடையைக் கண்டுபிடிப்பதில் நாம் எல்லோருமே கூர்மையான பார்வை உடையவர்கள்.

அப்படியானால், ஏற்கெனவே கீழே தள்ளப்பட்டவர்க்குத் தாழ்மை என்பது என்ன? நற்செய்தி நூல்கள் இதற்கு விடை தருகின்றன. பதினெட்டு ஆண்டுகளாகக் கூனிப்போய், நிமிர இயலாதிருந்த பெண் ஒருத்தியைத் தொழுகைக்கூடத்தில் இயேசு காண்கிறார். இன்னும் சற்றுக் குனி என்று அவர் அவளுக்குப் போதிக்கவில்லை, அவளை நிமிர்த்துகிறார். கண்டு வெகுண்டவர் தொழுகைக்கூடத்தின் தலைவர். மரியாள் பாடியதாக லூக்கா தரும் பாடலிலும், வலியவர் இருக்கையிலிருந்து இறக்கப்படுவதும் எளியவர் உயர்த்தப்படுவதும் ஒரே மூச்சில் சொல்லப்படுகின்றன. நின்றுகொண்டிருப்பவர்க்கு நம்பிக்கை குனியும் துணிவைத் தருகிறது; கூனிப்போனவர்க்கு அதே நம்பிக்கை நிமிரும் துணிவைத் தருகிறது. தன்னை இழிவாக எண்ணிக்கொள்வதைத் தாழ்மை என்று சொல்லித்தருபவர் எவராயினும் அவரை நம்பவேண்டாம்.

நின்றவர் ஒருவர் குனிந்த கதையொன்றைத் தமிழ்நாட்டின் வடபகுதியில் காணலாம். அன்று வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்த திருப்பத்தூரில், 1921ஆம் ஆண்டில் 'கிறிஸ்துகுல ஆசிரமம்' தோன்றியது. அதனை நிறுவியவர் இருவர்: மருத்துவர் சவரிராயன் ஏசுதாசன் ஒருவர், ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மருத்துவர் எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டன் மற்றவர். பேட்டனின் குடும்பம் கம்பளி நூல் தொழிலில் பெருஞ்செல்வம் ஈட்டியது. அந்நாளைய வழக்கப்படி, வெள்ளையர் தலைவராகவும் இந்தியர் துணைவராகவும் இருப்பதே எந்த நிறுவனத்திலும் இயல்பு. ஆசிரமத்திலோ ஏசுதாசன் 'பெரியண்ணன்', பேட்டன் 'சின்னண்ணன்'. வயதிலும் ஏசுதாசனே மூத்தவர். ஆனால் அந்நாளில் நிறத்தின் முன்னே வயதை யார் பார்த்தார்கள்? இருவரும் கதர் உடுத்தினர்; மணம் செய்துகொள்ளாமல், ஏழை எளியவர்க்கு மருத்துவம் பார்த்து வாழ்ந்தனர். அவர்கள் எழுப்பிய ஆலயம் ஐரோப்பியக் கோபுரத்தோடு அன்றித் தமிழ்நாட்டுக் கோயிற்பாணியில் இன்றும் நிற்கிறது.

இங்கே நாம் நின்று நோக்க வேண்டுவது ஒன்றுண்டு. பேட்டன் தம் செல்வத்தை அந்த ஆசிரமத்திற்கு ஈந்தவர். கொடுத்தவன் கையே மேலே இருக்கும் என்பது உலக வழக்கு. கொடுத்துவிட்டு, கொடுத்த இடத்திலேயே சின்னவனாக வாழ்வது, ஏழைக்குப் பணம் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விடுவதைவிடப் பன்மடங்கு கடினம். ஏசுதாசனின் நிலையும் எளிதன்று. அயலார் ஆட்சி நடந்த காலத்தில், ஆளும் இனத்தைச் சேர்ந்த செல்வர் ஒருவரின் முன் அஞ்சாமலும் அதட்டாமலும் அண்ணனாக இருப்பதற்கு, நிமிர்ந்த உள்ளம் வேண்டும். ஒருவர் குனிந்தார், ஒருவர் நிமிர்ந்தார். இருவரும் ஒரே உயரத்தில் சந்தித்தார்கள்.

1932ஆம் ஆண்டில் சென்னைத் தெரு ஒன்றில் கதர் உடையோடு இருந்த பேட்டனை, அந்நியத் துணிக்கடை மறியலில் ஈடுபட்டவர் என்று கருதிக் காவலர் தடியால் அடித்தனர். அச்செய்தி பிரிட்டிஷ் நாடாளுமன்றத்திலும் கேள்வியாக எழுந்தது. தம் நிறத்தைக் கேடயமாக ஏந்தியிருந்தால் அவர் அந்த அடியிலிருந்து தப்பியிருக்கக் கூடும். அவர் உடுத்திய உடையோ அந்தக் கேடயத்தை எப்போதோ கீழே வைத்துவிட்டது. அதன் பின்னும் இருவரும் தம் பணியைத் தொடர்ந்தனர். ஏசுதாசன் 1969ஆம் ஆண்டிலும், பேட்டன் அடுத்த ஆண்டிலும் காலமாயினர்.

மீண்டும் திண்டுக்கல்லுக்குத் திரும்புவோம். தாழ்மையைப் பற்றியே இதுவரை மிகுதியாகப் பேசினோம். நம்பிக்கை என்பது யாது? திண்டு போன்ற கல் என்பதால் திண்டுக்கல் ஆயிற்று என்பர். இறைவன்மேல் நம்பிக்கை வைத்தல் என்றவுடன், திண்டில் சாய்ந்து கண்மூடி இருப்பதைப் போலச் சிலர் எண்ணிக்கொள்கிறார்கள். அவ்வாறு எண்ணுவோர் இந்நகரின் பேராலயத்திற்குள் ஒருமுறை சென்று வரலாம். 1866 முதல் 1872 வரை கட்டப்பட்டு, 2003ஆம் ஆண்டில் திண்டுக்கல் தனி மறைமாவட்டமானபோது அதன் தலைமை ஆலயமாக உயர்ந்த அக்கோவில், புனித சூசையப்பருக்கு உரியது. அவர் ஒரு தச்சர். நான்கு நற்செய்தி நூல்களிலும் அவர் வாய்திறந்து பேசிய சொல்லாக ஒன்றுகூடக் காணப்படவில்லை. ஆனால் செயல்கள் காணப்படுகின்றன. கனவில் எச்சரிக்கை வந்த இரவிலேயே எழுந்து, குழந்தையையும் தாயையும் அழைத்துக்கொண்டு எகிப்திற்குப் புறப்பட்டவர் அவர். அந்நாட்டில் வேலை கிடைக்குமா, எத்தனை ஆண்டு தங்க வேண்டும் என்பன அவருக்குத் தெரிவிக்கப்படவில்லை. தெரிந்த அளவுக்கு நடந்தார்; தெரியாததை இறைவனிடம் விட்டார். ஒரு சொல்லும் பேசாத இந்தத் தச்சரைத்தான் வீரமாமுனிவர் 'வளன்' என்று தமிழ்ப் பெயரிட்டுத் தம் தேம்பாவணியின் தலைவராக்கி, 3615 பாடல்களில் பாடினார். அம்முனிவரின் இயற்பெயரான பெஸ்கியின் பெயரால் இந்நகரில் ஒரு கல்லூரியும் விளங்குகிறது. பேசாதவர்க்குத் தமிழில் இவ்வளவு பெரிய காப்பியம் அமைந்தது ஒரு வியப்பே.

நம்பிக்கையின் இயல்பை அறிய நூல்களை மட்டுமே நாட வேண்டுவதில்லை. திண்டுக்கல்லிலிருந்து பழனி செல்லும் வழியில் ஒட்டன்சத்திரம் இருக்கிறது. அங்குள்ள காய்கறிச் சந்தை தமிழ்நாட்டின் பெருஞ்சந்தைகளுள் ஒன்று. கத்தரியும் தக்காளியும் முருங்கையும் ஏற்றிக்கொண்டு கேரளத்திற்கு லாரிகள் புறப்படும். வானம் பார்த்த நிலமும் வற்றும் கிணறுமாக உள்ள சமவெளியில் பயிர் செய்து, விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டுவரும் உழவருக்கு, அன்று கிடைக்கப்போகும் விலை புறப்படும்போது தெரியாது. விலை தெரிந்த பின்பே விதைப்பேன் என்று அவர் காத்திருப்பாராயின், நம் வீட்டில் குழம்பு கொதியாது. வானத்துப் பறவைகளை நோக்கச் சொன்ன இயேசு, கூட்டிலேயே இருந்து இரை பெறும் பறவையைக் காட்டவில்லை. பறவை விடியலில் எழுந்து பறக்கிறது. நாளைய இரையை நினைந்து இன்று இறகை மடக்கிக்கொள்வதில்லை. மழைக்காக வேண்டிக்கொள்ளும் உழவர், வேண்டி முடித்ததும் வாய்க்காலைச் செதுக்கப் போகிறார். வேண்டுதலும் மண்வெட்டியும் அவருக்குப் பகையல்ல.

அதே ஒட்டன்சத்திரத்தில்தான் 1955ஆம் ஆண்டில் மருத்துவர் ஏ. கே. தரியன், மருத்துவர் ஜேக்கப் செரியன் முதலியோர் 'கிறிஸ்டியன் பெல்லோஷிப்' மருத்துவமனையைத் தொடங்கினர். அவர்கள் கேரளத்தைச் சேர்ந்தவர்கள். நகரங்களில் தங்கினால் பொருளும் புகழும் தேடி வரும் படிப்பு அவர்களுடையது. நல்ல மருத்துவத்திற்கு மக்கள் நெடுந்தொலைவு செல்ல வேண்டியிருந்த ஒரு சிற்றூர்ப் பகுதியை அவர்கள் தேர்ந்துகொண்டனர். அயல்நாட்டு மிஷன் ஒன்றன் கிளையாக அன்றி, இந்நாட்டுக் கிறிஸ்தவர்கள் சிலர் கூடிவாழும் குழுவாக அமைந்து எடுத்த முயற்சி அது. பின்னர் அண்மையிலுள்ள அம்பிளிக்கையிலும் அப்பணி கிளைத்தது. மருத்துவமனையின் வளர்ச்சியைப் பேசுவது என் நோக்கமன்று. ஒரு மருத்துவர் ஊரைத் தேர்ந்தெடுப்பதில்கூட, நமக்குரியதை இறைவன் பார்த்துக்கொள்வான் என்னும் நம்பிக்கை முன்னே செல்ல, தாழ்மை பின்னே வருகிறது என்பதையே குறிக்க விரும்பினேன். மாதந்தோறும் வருவாயைக் கூட்டிக் கழித்துக்கொண்டே ஒட்டன்சத்திரத்திற்கு வந்து சேர்ந்திருக்க இயலாது.

இவர்களெல்லாம் பெரியோர், மாணவராகிய நமக்கு இதில் என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கக் கூடும். வகுப்பில் ஆசிரியர் ஒன்றை விளக்கிவிட்டு, விளங்கிற்றா என்று கேட்கிறார். விளங்காத நாற்பது பேரும் தலையை அசைக்கிறார்கள். எழுந்து, "எனக்கு விளங்கவில்லை, ஐயா" என்று சொல்ல ஒருவருக்கும் துணிவில்லை. அந்தத் துணிவுக்குத்தான் தாழ்மை என்று பெயர். தேர்வில் நண்பன் முதலிடம் பெற்றான். அவனை வாழ்த்தும் நம் கை சற்றே குளிர்ந்திருக்கிறது. அவனுக்குக் கிடைத்த மதிப்பு நம்மிடமிருந்து எடுத்துக் கொடுக்கப்பட்டது என்று எண்ணுவதால் வரும் குளிர் அது. தேர்வுக்கு முன் வேண்டிக்கொள்வது நன்று. ஆனால் படியாத பாடத்திற்கு மதிப்பெண் கேட்பது நம்பிக்கையன்று. இறைவனைக் கைக்கூலி பெறுபவனாக்கும் முயற்சி. படித்ததை எழுதிவிட்டு, வருவது எதுவாயினும் என் மதிப்பு அதனோடு முடிந்துவிடவில்லை என்று அன்றிரவு உறங்க முடிந்தால், அதுவே நம்பிக்கை. தோல்வியுற்ற மாணவர்கள் உயிரையே மாய்த்துக்கொள்ளும் செய்திகளை ஆண்டுதோறும் படிக்கும் நாட்டில், இதனை ஒரு சமய நுணுக்கம் என்று ஒதுக்கிவிட இயலாது.

என் மாணவப் பருவத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கல்லூரி ஆய்வுக்கூடத்தில் ஒரு நாள் மாலை, எல்லோரும் சென்ற பிறகு, நான் தனியே இருந்து கண்ணாடிக் கருவி ஒன்றைக் கை தவறி உடைத்துவிட்டேன். விலை மிகுந்த கருவி. வகுப்பில் நான் கெட்டிக்காரன் என்று பெயரெடுத்தவன். எதையும் சிந்தாமல் சிதறாமல் செய்பவன் என்று ஆசிரியர் பிறர்முன் சொல்லியும் இருக்கிறார். துண்டுகளை ஒரு தாளில் வாரி மேசையடியில் தள்ளிவிட்டு வெளியேறினேன். மறுநாள் பழி, கூடத்தைப் பெருக்கித் துடைக்கும் முதிய பணியாளர்மேல் விழுந்தது. அவருடைய சம்பளத்தில் பிடித்தம் செய்யப்படும் என்று பேசிக்கொண்டார்கள். அவர் எதுவும் சொல்லவில்லை. நானும் எதுவும் சொல்லவில்லை. அவர் பேசாமைக்கும் என் பேசாமைக்கும் எவ்வளவு வேறுபாடு!

அந்த ஞாயிறு ஆலயத்தில் படிக்கப்பட்டது மேற்சொன்ன கால் கழுவும் பகுதியன்று, வேறு ஏதோ ஒரு பகுதி, இப்போது நினைவில்லை. வேண்டுதலின்போது தலை குனிந்திருந்த என் கண்முன் அந்த மேசையடிதான் வந்து நின்றது. நான் காத்துக்கொண்டிருந்தது ஒரு பெயரை. அந்தப் பெயர் போனால் நான் எஞ்சுவேனா என்பதே என் அச்சம். எஞ்சுவாய் என்று யாரோ சொன்னதாகக் கதை கட்ட மாட்டேன். எஞ்சுவேனோ இல்லையோ, போய்ச் சொல்லிவிடுவது என்று மட்டும் முடிவு செய்தேன்.

திங்கட்கிழமை காலை ஆசிரியரிடம் சொன்னேன். அவர் என்னை நெடுநேரம் பார்த்தார்; கருவியின் விலையை நான் கட்டவேண்டும் என்றார்; அவ்வளவே. பணியாளரிடம் சென்று சொல்வதுதான் கடினமாக இருந்தது. ஆய்வுக்கூடத்தின் பின்புறத்தில் அவர் குழாயடியில் குடுவைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தேன். கோபமும் இல்லை, மன்னித்தேன் என்ற பேச்சும் இல்லை. கையிலிருந்த குடுவையைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவர் கேட்டார்:

"தம்பி, அந்தக் கண்ணாடித் துண்டையெல்லாம் எங்கே போட்டீர்கள்? வெறுங்காலோடு வருகிற பிள்ளைகள் இருக்கிறார்களே, எவர் காலிலாவது ஏறிவிடப் போகிறது."

மேசையடியைக் காட்டினேன். அவர் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு முன்னே நடந்தார். நான் முறத்தை எடுத்துக்கொண்டு பின்னே போனேன்.